புழக்கடை எங்கே போயிற்று?

வீடு கட்ட வேண்டும் என்னும் எண்ணம் உள்ளத்தில் எழுந்தவுடன் நாம் யாரையெல்லாம் கலந்து பேசுகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மச்சானைக் கேட்கிறோம். சகலையைக் கேட்கிறோம். வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பரைக் கேட்கிறோம். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும் மேஸ்திரியை வாயிலிலேயே நிறுத்திக் கேட்கிறோம். ஆனால் அந்த வீட்டில் அதிகாலை முதல் இரவு வரை நின்று வேலை செய்யப் போகிறவரை என்ன கேட்கிறோம்? "டைல்ஸ் எந்த நிறத்தில் வேண்டும்?" என்பதோடு நம் ஆலோசனை முடிந்துவிடுகிறது.

இவ்வாறு பிறரைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 2009ஆம் ஆண்டு நான் வீடு கட்டியபோது இதே தவற்றைத்தான் செய்தேன். அதன் விலையை என் உம்மா கொடுத்தார்கள்.

அன்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே ஆசை. பழைய வீட்டின் அடுக்களை இருண்டு, புகையேறி, இருவர் நின்றால் மூன்றாமவர் நுழைய இயலாததாக இருந்தது. ஆகவே புதுவீட்டில் சமையலறை பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். பதினான்கடி நீளம், பதினோரடி அகலம். வந்தவர்கள் எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாஷிங் மெஷின் வாங்கியபோது அதை எங்கே வைப்பது என்னும் கேள்வி எழுந்தது. "இவ்வளவு பெரிய அறை இருக்கிறதே!" என்று சமையலறையின் ஒரு மூலையிலேயே வைத்தோம். பாத்திரம் துலக்குவதும், மீன் அலசுவதும், துணி துவைப்பதும் அதே தரையில் நடந்தன. 2014ஆம் ஆண்டு ரமலானில் ஒருநாள் ஸஹர் வேளையில், இரவில் மெஷினின் குழாய் கசிந்து பரவியிருந்த நீரில் உம்மா வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அன்றிலிருந்து இன்றுவரை கைத்தாங்கி இல்லாமல் அவர்களால் நடக்க இயலவில்லை.

இப்போது என் தம்பி வீடு கட்டுகிறார். அரை கிரவுண்டு மனை. அதாவது 1,200 சதுர அடி. வீட்டின் பின்பகுதியில் சமையலுக்கென்று ஒதுக்க முடிந்தது பதினாறுக்குப் பத்து, 160 சதுர அடி. இதை ஒரே பெரிய சமையலறையாக வைத்துக் கொள்வதா, அல்லது தடுத்து, வரைபடங்களில் 'யுட்டிலிட்டி' என்று எழுதுகிறார்களே, அந்தத் தனியறையைப் பிரித்துக் கொள்வதா என்பதே கேள்வி. தம்பி துபையிலிருந்து அனுப்பிய வரைபடத்தில் தடுப்பே இல்லை. நடுவில் ஒரு மேடை வேறு. "நானா, இப்ப எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க" என்றார். இதே ஊசலாட்டத்தில் இன்று பல குடும்பங்கள் இருப்பதை நான் அறிவேன். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

கிணற்றடியும் கொல்லையும்

இந்தத் தனியறையைச் சிலர் மேல்நாட்டு மோகம் என்கிறார்கள். அப்படியன்று. நம் முன்னோர் கட்டிய வீடுகளை நினைவுகூருங்கள். திண்ணை, நடை, முற்றம், கூடம், அதற்கப்பால் அடுக்களை, அதன் பின்கதவைத் திறந்தால் தாழ்வாரம், கிணற்றடி, துவைகல், கொல்லை. நெருப்பு வேலை அடுக்களையில் நடந்தது. நீர் வேலை அத்தனையும் கிணற்றடியில் நடந்தது. மீன் அரிந்ததும், பாத்திரம் துலக்கியதும், குழந்தையின் துணியை அலசியதும் வீட்டுக்கு வெளியேதான். ஈரம் என்பது வீட்டுக்குள் வருவதே அரிது. நம் பெண்கள் பிறர் பார்வை படாமல் அந்தப் புழக்கடையில் சுதந்திரமாக நடமாடினார்கள். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வருவதற்கென்றே 'முடுக்கு' என்னும் சிறு சந்துகளை விட்டுக் கட்டினார்கள் என்றால், வீட்டின் பின்புறத்துக்கு நம்மவர் தந்த மதிப்பு எத்தகையது என்பது விளங்கும்.

பிறகு மனைகள் சுருங்கின. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்ததில் கொல்லை போயிற்று. கிணறு போய் ஆழ்குழாய் வந்தது. ஆனால் கிணற்றடியில் நடந்த வேலைகள் போகவில்லையே! அவை ஓசையின்றிப் பின்கதவு வழியாக உள்ளே வந்து சமையலறையில் குடியேறிவிட்டன. போதாக்குறைக்குக் கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வந்து சேர்ந்தன. சமையலறை போதவில்லை என்று நாம் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம். உண்மையில் அங்கே குறைவது இடமன்று. அங்கே வந்திருக்கக் கூடாத வேலை வந்திருக்கிறது.

எவ்வளவு இடம் போதும்?

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடத் தனியிடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அதாவது சுமார் 54 சதுர அடி. இது கடைசி எல்லை. நம் குடும்பங்களின் சமையலுக்கு அது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைப் பெண்மணி ஒரு சமையலறையை வகுத்தார். சமைக்கும் பெண் எத்தனை அடி நடக்கிறாள், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கடிகாரம் வைத்து ஆராய்ந்து, இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் உள்ள சமையல் அறையையும் முன்மாதிரியாகக் கொண்டு அவர் அமைத்தது அது. அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், சுமார் 70 சதுர அடிதான். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. இன்று நாம் 'மாடுலர் கிச்சன்' என்று பெருஞ்செலவில் செய்துகொள்ளும் அமைப்புக்கெல்லாம் அதுவே தாய். பெரிய சமையலறையில் நடை அதிகம், சிறியதில் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும் என்பது அதன் பாடம்.

ஆனால் அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த அறையில் ஒருத்தி மட்டுமே நிற்க முடியும். பிற்காலத்தில் அதைக் கண்டித்தவர்கள், அது பெண்ணைத் தனிமைப்படுத்திவிட்டது என்று சொன்னார்கள். நம் வீடுகளில் அது ஒருநாளும் ஒத்துவராது. நோன்பு மாதத்து அஸருக்குப் பின் நம் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கஞ்சியைக் கிண்டுவார், ஒருவர் வாடா தட்டுவார், தரையில் அமர்ந்து ஒருவர் பழம் நறுக்குவார், பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். ஆணத்துக்கு உப்புப் பார்க்க ஆளில்லாமல் "நிய்யத்தை மறந்துடாதே" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டுழைப்பும் பேச்சும் நம் குடும்பங்களின் செல்வம். பெரிய சமையலறை வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தக் காரணத்தைச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. நடுமேடை அழகாக இருக்கும் என்று சொன்னால் இல்லை.

சுத்தமும் தஹாரத்தும்

மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்துபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. கண்ணுக்குச் சுத்தமாக இருப்பது வேறு, ஷரீஅத்தின்படி தூய்மையாக இருப்பது வேறு. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் நிறமும் மணமும் மாறாவிட்டாலும் அந்நீர் நஜீஸாகிவிடும். ஒரு வாளி நீர் இரண்டு குல்லத்துக்கு மிகவும் குறைந்தது. ஆகவே குழந்தையின் அசுத்தத் துணியை மற்றத் துணிகளோடு ஒன்றாக ஊறப்போடுவது சரியன்று. முதலில் அசுத்தத்தை நீக்கி, அதன்மீது நீர் ஊற்றி அலசிவிட்டு, அதன்பிறகே மெஷினில் சேர்க்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் நீரின் அளவு குறித்த விளக்கம் வேறுபடும். ஆனால் முதலில் நஜீஸை நீக்குவதில் கருத்து வேறுபாடு இல்லை.

இதை எங்கே செய்வது? சமையலறைத் தொட்டியிலா? அரிசி களைகின்ற, கீரை அலசுகின்ற அதே தொட்டியிலா? குளியலறையில் செய்யலாம் என்பீர்கள். காலை ஏழு மணிக்கு எந்த வீட்டில் குளியலறை காலியாக இருக்கிறது? குர்பானி நாளையும் எண்ணிப் பாருங்கள். இறைச்சி, குடல், தலை, கால் என்று வந்து இறங்கும்போது, இரத்தம் ஓடுகின்ற இடமும் சமைக்கின்ற இடமும் ஒன்றாக இருந்தால் அன்று முழுதும் தரையைக் கழுவுவதே வேலையாகிவிடும். தாழ்வான தரையும், குழாயும், நீர் போக வழியும் உள்ள ஒரு சிறிய தனியிடம் இருந்தால் இந்தச் சங்கடங்கள் அத்தனையும் அங்கேயே முடிந்துவிடும்.

அவசரத்தில் செய்தது

உம்மா விழுந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறைக்குப் பின்னே விட்டிருந்த நாலடிச் சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டு மெஷினை வெளியே தள்ளினேன். அதுவும் பிழை. சமையலறைச் சன்னலின் வெளிச்சம் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரலில் மெஷின் துருவேறியது. நில இணைப்பு சரியாக இல்லாததால் ஈரக்கையோடு தொட்டால் சுருக்கென்றது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைக் கடந்தபோது அந்தத் தகடு எந்த வீட்டுக் கொல்லைக்குப் போனது என்பதை நான் இன்றுவரை அறியேன். கட்டும்போதே திட்டமிடாத இடம் இப்படித்தான் முடியும். கட்டட விதிப்படி திறந்தே விட வேண்டிய சந்தை மூடியதும் முறையன்று என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஆகவே தம்பியின் வீட்டில் தடுப்புச் சுவர் வேண்டும் என்று நான் வாதாடினேன். தம்பி ஒப்பவில்லை. நாங்கள் இருவரும் தொலைபேசியில் இரண்டு வாரம் பேசியிருப்போம். ஒருநாள் என் துணைவியார் குறுக்கிட்டு, "நீங்க ரெண்டு பேருமா அங்க சமைக்கப் போறீங்க?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெண்களைக் கேட்காமல் கட்டியதைப் பிழை என்று ஊருக்குச் சொல்லும் நான், மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அவர் தம்பி மனைவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை சமையலறையில் செய்யும் வேலைகளை எழுதச் சொன்னார். இருபத்திரண்டு வேலைகள் வந்தன. அவற்றில் நெருப்பும் கத்தியும் சம்பந்தப்பட்டவை ஒன்பது. மீதிப் பதின்மூன்றும் தண்ணீர் வேலை, துணி வேலை, அல்லது எதையாவது எடுத்துவைக்கும் வேலை. "லாத்தா, மேடை பெரிசா இருக்கணும்னு எனக்கு ஆசை இல்லை. காலுக்குக் கீழே ஈரம் இல்லாம இருந்தா போதும். ஆனா ரெண்டு பேர் ஒண்ணா நிக்கணும். என்னைத் தனியா விட்றாதீங்க" என்று அவர் சொன்னாராம்.

அந்தச் சொல்லிலிருந்தே கணக்குப் பிறந்தது. பதினாறடியில் நாலரை அங்குலச் சுவர் ஒன்று. ஒருபுறம் ஐந்துக்குப் பத்தடி, 50 சதுர அடியில் புழக்கடை அறை. மறுபுறம் ஏறத்தாழ 106 சதுர அடியில் சமையலறை. விதித்தொகுப்பு சொல்லும் குறைந்த அளவுக்கு இது இரு மடங்கு. நடுமேடையை நீக்கிவிட்டால் இருவர், ஏன், மூவர்கூட இடிபடாமல் நிற்கலாம்.

சுவர் எழுப்புமுன்

தடுப்பது என்று முடிவு செய்தவர்கள் சிலவற்றை மறந்துவிடக் கூடாது.

புழக்கடை அறையைச் சமையலறைக்குப் பின்னால் வைக்காதீர்கள். பக்கவாட்டில் வையுங்கள். பின்னால் வைத்தால் சமையலறையின் வெளிச்சன்னல் அதற்குள் திறக்கும். காற்றும் வெளிச்சமும் போய்விடும். வெளிச்சுவரில் ஓரிடத்தில் ஜாலி வைத்துக் கட்டினால் காற்று வரும், துணி உலரும், அண்டைவீட்டுப் பார்வையும் படாது. தலைத்துணியைத் தேடி ஓடாமல் நம் பெண்கள் துணி காயப்போடலாம்.

தரை, சமையலறையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். நீர் தானே ஓடுவதற்குப் பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு போதும். வழுவழுப்பான டைல்ஸ் வேண்டா. சொரசொரப்பானதையே கேளுங்கள். வயதானவர்கள் உள்ள வீட்டில் இரண்டு அறைகளுக்கும் இடையே உயரமான நிலைப்படி வைத்தால் ஈரத்துக்குப் பயந்து இடறலை விலைக்கு வாங்கியது போலாகும். சாய்வாக இழைத்துவிடச் சொல்லுங்கள்.

கேஸ் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடம் கிடைத்தது என்று பலர் சிலிண்டரை இந்த அறைக்கு மாற்றுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, தாழ்வான இடத்தைத் தேடிப் போய்த் தேங்கும். தாழ்ந்த தரையும் சாக்கடைக் குழாயின் வாயும் உள்ள அறையில், அதுவும் மின்பொறி பறக்கக்கூடிய மெஷினுக்குப் பக்கத்தில், அதை வைப்பது ஆபத்தை நாமே அழைப்பதாகும். சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், அடுப்பைவிடத் தாழ்வாக, தரையோடு ஒட்டிய காற்றுத்துளை உள்ள இடத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த மூலையில் அன்று.

மெஷினுக்குத் தனியாக 16 ஆம்பியர் இணைப்பு, முறையான நில இணைப்பு, 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பெறுங்கள். செலவைப் பார்க்காதீர்கள். மேற்கூரைக்குச் செய்யும் அலங்காரத்தில் குறைத்துக் கொள்ளலாம்.

எல்லா வீட்டுக்கும் இதே தீர்வா என்றால், இல்லை. அடுக்குமாடியில் மொத்தமே எண்பது சதுர அடி கிடைக்கிறது என்றால் அதைத் தடுத்து இரண்டு பெட்டிகளாக்குவதில் பயனில்லை. அங்கே ஒரே அறையாக வைத்துக்கொண்டு, நீர் வேலையை எல்லாம் ஒரு முனைக்கு ஒதுக்கி, அந்த முனைக்கு மட்டும் சரிவும் வடிகாலும் வையுங்கள். துணி மெஷின் குளியலறைக்கு அருகே போகட்டும். பின்னால் இன்னமும் கிணற்றடியோ, நிழலுள்ள தாழ்வாரமோ வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்குப் புதிய அறை எதற்கு? இருப்பதைச் செப்பனிட்டுக் கொள்ளுங்கள். மனைவியும் கணவனும் மட்டுமே உள்ள வீட்டில் எழுபது சதுர அடிச் சமையலறையே தாராளம்.

எங்கள் தம்பி மனைவியின் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் அடியில் அவர் பிறகு பென்சிலால் சேர்த்திருந்த ஒரு வரியை நான் தாமதமாகத்தான் பார்த்தேன். மாமியார் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரிக்க, சமையலறையின் காய்ந்த மூலையில் பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு திண்டு வேண்டும் என்று எழுதியிருந்தார். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. சென்ற வியாழக்கிழமை அவர் சுவருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டபோது உம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். கைத்தாங்கியோடு அந்தக் கோட்டுக்குள் நின்று, திரும்பி, இரண்டு எட்டு நடந்து பார்த்தார்கள். திண்டு இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளியிருக்கட்டும் என்றார்கள். மேஸ்திரி அந்தக் கோட்டை மட்டும் அழித்துவிட்டு மாற்றிப் போட்டார்.